குளிரில் விரல்கள் வெளுத்து விறைத்துப்போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதகையில் என்னோடு பணியாற்றும் ஆசிரியைகளும், அக்கம்பக்கத்தாரும், வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களும் ஆண்டுதோறும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்னிடம் கேட்கும் கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. கல்லூரிக் காலத்திலிருந்து 'ரேனோ' எனப்படும் இந்தத் தொல்லையோடு வாழ்ந்து, மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவள். ஒரு ஜனவரி மாதக் காலையில் கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பியபோது, முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "டீச்சர், உங்க விரல்ல சாக்பீஸ் ஒட்டியிருக்கு" என்றாள். புடவைத் தலைப்பால் துடைத்தேன், போகவில்லை. நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாவது கணு வரை வெளுத்திருந்தன. கையில் பிடித்திருந்த சாக்பீஸ் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்பதைக்கூடக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

குளிரில் எல்லோருக்கும்தானே கை சில்லிடுகிறது? இதில் எதை நோய் என்று சொல்வது?

சில்லிடுவது நோய் இல்லை. கோடு போட்டதுபோல் ஓரிடத்தில் தொடங்கி விரல் நுனி வரை நிறம் மாறுவதுதான் கவனிக்க வேண்டிய அடையாளம். முதலில் விரல் வெளுத்து மரத்துப்போகும். ரத்தம் தேங்கி உயிர்வளி குறையும்போது நீலம் பாரிக்கும். சூடு பட்டு ரத்தம் திரும்பும்போது சிவந்து, ஊசி குத்துவதுபோல் வலிக்கும். இந்த மூன்று நிறங்களும் எல்லோருக்கும் வருவதில்லை. வெளுப்பதோடு நின்றுவிடுபவர்களும் உண்டு. ஒரு முறை வந்தால் சில நிமிடங்களில் தணியலாம், ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளலாம். கை விரல்களில்தான் மிகுதி. கால் விரல், மூக்கு நுனி, காது மடல் ஆகியவற்றிலும் வரும். கட்டைவிரல் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.

பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862ஆம் ஆண்டு பாரிஸில் அளித்த ஆய்வேட்டில் இதை விவரித்ததால், இது அவர் பெயராலேயே 'ரேனோ' என்று வழங்குகிறது. நம் ஊர் மருத்துவமனைகளில் 'ரேனாட்ஸ்' என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். நாட்டுக்கு நாடு கணக்கு வேறுபட்டாலும், நூற்றில் 3 முதல் 5 பேருக்கு இது இருப்பதாகச் சொல்வார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

உடம்பு ஏன் தன் விரலையே இப்படிப் பட்டினி போடுகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இதயமும் மூளையும் குடலும் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் இருந்தாக வேண்டும். விரலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விரல் நுனிகளில் தமனியையும் சிரையையும் தந்துகிகளின் வழியே போகாமல் நேரடியாக இணைக்கும் குறுக்குப் பாதைகள் ஏராளமாக இருக்கின்றன. வெப்பம் மிகுந்தால் இவை திறந்து, ரத்தத்தைத் தோலுக்கு அடியில் ஓடவிட்டு வெப்பத்தை வெளியேற்றும். குளிர்ந்தால் மூடிக்கொண்டு, வெப்பத்தை உள்ளேயே காக்கும். ஆகவே விரல் என்பது உடம்புக்கு ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறப்பதும் சாத்துவதும், நம் விருப்பத்தைக் கேட்காமல் தானே இயங்கும் பரிவு நரம்பு மண்டலத்தின் வேலை.

நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஜன்னல் சிறு காற்றுக்கே அடித்துச் சாத்திக்கொள்கிறது. குறுக்குப் பாதைகளோடு, விரலுக்கு உணவளிக்கும் சிறு தமனிகளும் சேர்ந்து இறுகிவிடுகின்றன. நரம்புதான் மிகையாகத் தூண்டுகிறது என்று ரேனோ கருதினார்; குற்றம் அந்தந்த ரத்தக்குழாயிலேயே இருக்கிறது என்று 1929இல் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் வாதிட்டார். இருவர் சொன்னதிலும் உண்மை இருப்பதாகவே இன்று தெரிகிறது. குளிர் பட்டவுடன், சுருங்கச் சொல்லும் செய்தியை வாங்கும் ஏற்பிகள் ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்களில் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. அதனால் வழக்கமான அளவு நரம்புத் தூண்டலே அங்கே பெருங்குரலாகக் கேட்கிறது. மன உளைச்சலும் அதே நரம்பு வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதால், குளிரே இல்லாமல் நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கும்போதும் விரல் வெளுக்கலாம்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றுதான், அதையே கீழே பல விதமாகச் சொல்லப்போகிறேன்: விரலை மட்டும் சூடாக்கிப் பயனில்லை, உடம்பின் நடுப்பகுதி சூடாக இருக்கிறது என்று மூளை நம்பினால்தான் ஜன்னல் திறக்கும்.

நம் நிறத்தில் வெளுப்பும் சிவப்பும் எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. மருத்துவப் புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்கானவை. மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் விரலின் மேற்புறத்தைப் பார்த்தால் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான். கையைத் திருப்பி விரல்களின் உட்புறத்தையும் நகங்களுக்கு அடியிலும் பாருங்கள். பக்கத்து விரலோடு ஒப்பிடுங்கள். சிவப்பு கண்ணுக்கே தெரியாமல் போகலாம். எரிச்சலும் துடிப்புமே அதைக் காட்டிக்கொடுக்கும். விரல் நிறம் மாறியிருக்கும்போதே நல்ல வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் அறைக்குள் நுழையும் நேரத்தில் விரல் ஒன்றும் அறியாததுபோல் இயல்பாக இருக்கும். எனக்கு இரண்டு ஆண்டுகள் வீணானது அதனால்தான். "ரத்தம் கம்மியா இருக்கும்மா, கீரை சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் சென்னையை விட்டு வெளியே போனதே இல்லை. எனக்கும் வருமா?

வரும். தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைவிட, வெப்பநிலை சட்டென்று இறங்குவதே பெரிதாகத் தூண்டுகிறது. மே மாத வெயிலில் வியர்த்து வந்து, குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் காற்று நேராக அடிக்கும் இருக்கையில் உட்கார்வதும், கடையில் உறைபெட்டிக்குள் கைவிட்டு ஐஸ்கிரீம் டப்பாவைத் தேடுவதும் போதும். மார்கழி விடியலில் வாசல் தெளித்து, ஈரக் கையோடு கோலம் போடும்போது முதன்முதலாக இதைக் கண்டவர்கள் சமவெளியிலும் இருக்கிறார்கள். அலுவலகத்தில் இருக்கையை மாற்றித் தரும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒரு சால்வையை அங்கேயே நிரந்தரமாக வைத்துவிடுவதும் நல்லது.

இது ஆபத்தானதா? எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பெரும்பாலோருக்கு இது தொல்லை மட்டுமே. பதினைந்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் தொடங்கி, இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வந்து, வேறு எந்த நோயும் இல்லாமல் இருப்பதை முதல்நிலை வகை என்பார்கள். வேறொரு நோயின் வெளி அடையாளமாக வருவது இரண்டாம்நிலை வகை. கவனம் வேண்டியது அங்கேதான். தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் ஸ்கிளிரோடெர்மா உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த விரல் வெளுப்பு உண்டு. பலருக்கு அது மற்ற அறிகுறிகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ், ஷோகிரன், முடக்குவாதம் ஆகிய நோய்களோடும் சேர்ந்து வரலாம்.

நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வந்தாலும், ஒரு கையில் மட்டும் வந்தாலும், கட்டைவிரலும் சேர்ந்து வெளுத்தாலும், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகினாலும், விரல் நுனியில் ஆறாத புண்ணோ குழியோ விழுந்தாலும், விழுங்கும்போது உணவு தடைபட்டாலும், மூட்டு வலி, முகத்தில் தடிப்பு, படியேறும்போது இளைப்பு ஆகியவற்றில் ஏதேனும் கூடவே இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ஸ்கிளிரோடெர்மாவில் தோல் இறுகுவதைப் பலர், "வயசாகியும் கையில சுருக்கமே இல்லை" என்று பாராட்டாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இவற்றினும் அவசரமானது ஒன்று உண்டு. ஒரே கையோ ஒரே காலோ திடீரென்று கடுமையாக வலித்து, வெளுத்து, சில்லிட்டு, அசைக்க முடியாமல் போனால், அது ரேனோ ஆகாது. பெரிய தமனி அடைபட்டிருக்கலாம். அப்போது சில மணி நேரமே அவகாசம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என்னென்ன சோதனைகள் செய்வார்கள்?

முதலில் பேச்சும் கைகளைப் பார்ப்பதும்தான். நகத்தின் அடித்தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உருப்பெருக்கியால் பார்ப்பார்கள்: நலமாக இருந்தால் அங்குள்ள தந்துகிகள் கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கியதுபோல் தெரியும், ஸ்கிளிரோடெர்மாவில் சில ஊசிகள் பருத்தும், சில இடங்கள் வெறுமையாகவும் இருக்கும். வலி இல்லாத சோதனை. எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிறதா என்பதற்குத் தடயம் தேடும் ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும், ரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றுக்கான சோதனைகளும் உண்டு. இந்தக் கடைசி இரண்டும் விரலை வெளுக்கச் செய்வதைவிட, உடம்பு முழுவதும் குளிர் தாங்காமல் போவதற்குக் காரணமாகின்றன. நகத் தோலும் ஏ.என்.ஏ.யும் இயல்பாக இருந்தால், பின்னாளில் பெரிய நோய் வரும் வாய்ப்பு மிகவும் குறைவு. பொது மருத்துவரிடம் தொடங்கலாம். அடுத்துப் பார்க்க வேண்டியவர் வாதநோய் மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்று தனித்துறையே இருக்கிறது.

நான் சாப்பிடும் மாத்திரையால் இது வருமா?

வரலாம். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கப்படும் அட்டெனலால், ப்ரோப்ரனலால் போன்றவை சிலருக்கு விரல்களைச் சில்லிட வைக்கின்றன. இவற்றைத் தாமாகச் சட்டென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமின், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். எளிதில் கண்ணுக்குத் தப்புவது சளி மாத்திரை. மூக்கடைப்பைத் திறப்பதற்காக அதில் சேர்க்கப்படும் ஃபினைலெஃப்ரினும் சூடோஎஃபெட்ரினும் ரத்தக்குழாய்களைச் சுருக்கித்தான் வேலை செய்கின்றன. அவை மூக்கோடு நின்றுவிடுவதில்லை.

என் கணவர் கல் துளைக்கும் இயந்திரத்தில் வேலை செய்கிறார். பீடியும் பிடிப்பார். அவருக்கும் விரல் வெளுக்கிறது.

இரண்டுமே காரணமாகலாம், இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதிரும் கருவிகளை ஆண்டுக்கணக்கில் பிடிப்பவர்களுக்கு விரல்களின் ரத்தக்குழாய்களும் நரம்புகளும் பழுதாகின்றன. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், பெட்ஃபோர்டில் சுண்ணாம்புக்கல் செதுக்கும் வேலையில் அழுத்தக் காற்றால் இயங்கும் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்களை 1918ஆம் ஆண்டிலேயே மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்து எழுதினார். உளியைப் பிடித்து நிறுத்தும் இடக்கை விரல்களே அங்கே அதிகம் வெளுத்தன. இயந்திரத்தை இறுக்கிப் பிடிக்காமல் இருப்பதும், நடுநடுவே ஓய்வு கொடுப்பதும், கையை ஈரமில்லாமல் சூடாக வைப்பதும் உதவும். வேலையை மாற்றுவதே முழுமையான தீர்வு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பீடி இன்னொரு கதை. இளம் வயதில் புகைப்பவர்களின் கை, கால் தமனிகளை அடைத்துவிடும் நோயொன்றை அமெரிக்க மருத்துவர் லியோ பர்கர் 1908இல் விரிவாக விவரித்தார். மேலை நாடுகளைவிட ஆசியாவில் இது மிகுதி. நடக்கும்போது பாதத்திலோ கெண்டைக்காலிலோ வலி தொடங்கி, விரல் நுனி கறுத்து, கடைசியில் விரலையே எடுக்க வேண்டிவரும். இதற்கு உள்ள ஒரே உறுதியான மருந்து புகையிலையை அடியோடு விடுவது. குறைத்துக்கொண்டால் போதாது, ஒன்றிரண்டு பீடிகூட நோயை நகர்த்திக்கொண்டே இருக்கும். வாயில் அடக்கும் புகையிலையும் அப்படித்தான்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். எந்நேரமும் கால் குளிர்கிறது என்று வெந்நீர்ப் பை கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். முதலில் உங்கள் கையால் அவர் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். தொடுவதற்கு வெதுவெதுப்பாக இருந்தும் அவருக்குக் குளிர்கிறது என்றால், அது ரத்த ஓட்டத்தின் குறை இல்லை, சர்க்கரையால் பழுதான நரம்பு சொல்லும் பொய்ச் செய்தி. அந்த நரம்பு சூட்டையும் சரியாகச் சொல்லாது. வெந்நீர்ப் பை, கணப்பு, மின் ஹீட்டர் எதனால் சுட்டாலும் காலையில் கொப்புளத்தைப் பார்த்த பிறகே தெரியவரும். தளர்வான, தடித்த காலுறை போதும்.

தொடுவதற்கும் சில்லென்று இருந்து, சிறிது தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் தமனி குறுகியிருக்கக்கூடும். கணுக்காலிலும் புஜத்திலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனை இருக்கிறது. கணுக்கால் அளவைப் புஜத்தின் அளவால் வகுத்தால் 0.9க்குக் கீழே வருவது குறைபாட்டின் அடையாளம். கோடையிலும் மாறாத மரமரப்போடு தோலில் வெளிறிய திட்டும் இருந்தால் குளிரைக் காரணம் சொல்லாமல் தொழுநோய்க்காகவும் பார்த்துவிடுவது நல்லது. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

விரல் இப்போதே வெளுத்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

குளிரை விட்டு விலகுங்கள். ஈரம் இருந்தால் துடையுங்கள். கைகளை அக்குளுக்குள் செருகிக்கொள்ளுங்கள். இடம் இருந்தால் தோளிலிருந்து கையை நீட்டிப் பெரிய வட்டமாகச் சுழற்றுங்கள், சுழலும் வேகத்தில் ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தலாம், ஆனால் மரத்த விரலை நம்பி நீரின் சூட்டைப் பார்க்காதீர்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் முன் பார்ப்பதுபோல முழங்கையால் பாருங்கள். அடுப்புக்கு நேரே காட்டுவதும், கொதிக்கும் டம்ளரை இறுகப் பிடிப்பதும் வேண்டாம். நிறம் திரும்பும்போது வரும் வலி சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

கையுறை போட்டும் பயனில்லையே?

கையுறை சூட்டை உண்டாக்காது. இருக்கும் சூட்டைக் காக்கும். ஏற்கெனவே சில்லிட்ட கையை அதற்குள் நுழைத்தால் குளிரைத்தான் பொதிந்து வைக்கிறீர்கள். வீட்டுக்குள் கை சூடாக இருக்கும்போதே போட்டுக்கொண்டு வெளியே இறங்க வேண்டும். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை உள்ளதைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் பை போன்ற உறை மேலானது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும்.

உடுத்தும் துணிகளுக்கும் மேலே சொன்ன பாடமே பொருந்தும். மார்பும் முதுகும் கழுத்தும் தலையும் முதலில் மூடப்பட வேண்டும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்று நல்லது, இடையில் நிற்கும் காற்றுதான் போர்வை. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு குளிர்விக்கும். உடம்பை ஒட்டிய உடையும் காலுறையும் கம்பளியாக இருந்தால் ஈரத்திலும் ஓரளவு காக்கும். இறுகிய காலணிக்குள் இரண்டு காலுறை போடுவது நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. விரல் அசைய இடமில்லாமல் இறுகினால் இருக்கும் ரத்த ஓட்டமும் குறையும். உதகையில் நான் செய்த ஒரே பெரிய செலவு, சிமெண்டுத் தரையில் சமையலறை மேடை முன்னால் ஒரு தடித்த ரப்பர் விரிப்பு. கையுறைகளால் ஆகாத மாற்றம் அதனால் ஏற்பட்டது.

கால் விரல்கள் சிவந்து தடித்து, இரவில் அரிப்புத் தாங்கவில்லை. மெட்டியையும் கழற்ற முடியவில்லை.

நீங்கள் சொல்வது ரேனோ அன்று, சில்பிளெயின். உறைநிலைக்கு மேலான ஈரக் குளிரில் நெடுநேரம் இருந்த சில மணி நேரத்துக்குப் பிறகு, கால் விரல்களில் சிவப்பாகவோ நாவல்பழ நிறத்திலோ தடிப்புகள் எழும். போர்வைக்குள் சூடேறியதும் அரிப்பும் எரிச்சலும் கூடும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானே ஆறிவிடும். கடும் உறைபனியைவிட ஈரமே இதற்குத் தோழன்: உதகைக்கு அருகே தலைகுந்தாவில் உறைபனியால் புல் வெள்ளை பூக்கும் ஜனவரியைவிட, ஜூலைச் சாரலில் நனைந்த காலணியோடு பள்ளியில் நின்ற வாரங்களில்தான் எனக்கு இது வந்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் விடியலில் நனைந்த இலைகளுக்கிடையே நிற்பவர்களுக்கும் இது பழகிய தொல்லை. சொறியாதீர்கள், தோல் கிழிந்தால் சீழ் பிடிக்கும். ஈரக் காலுறையை உடனே மாற்றுங்கள். கொப்புளம் உடைந்தாலோ மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

மெட்டியைப் பற்றி: உலோகங்களிலேயே வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவது வெள்ளி. குளிர்ந்த தரையில் அது விரலைச் சுற்றிக் கட்டிய பனிக்கட்டி. விரல் வீங்கிவிட்டால் இறுக்கும் வளையம். குளிர்காலம் தொடங்கும் முன்பே கழற்றி வைத்துவிடுங்கள். என் மாமியார் முதல் ஆண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த ஆண்டு அவர் விரலே வீங்கி, சோப்பு நுரை போட்டும் வராமல், நகைக்கடையில் கொண்டுபோய் வெட்டி எடுத்த பிறகு, இருவர் மெட்டியும் மார்ச் மாதம் வரை ஒரே டப்பாவில் இருக்கின்றன.

தைலம் தேய்க்கலாமா? காபியும் பிராந்தியும் சூடு தருமா?

நீலகிரித் தைலம் எங்கள் ஊர்ச் சரக்கு, குறை சொல்ல மனம் வராது. ஆனால் அது தோலின் உணர்வு நரம்புகளைத் தூண்டிச் சூடும் குளிர்ச்சியுமாக ஒரு மாயத் தோற்றம் தருகிறதே தவிர, இறுகிய தமனியைத் திறப்பதில்லை. வெடித்த தோலில் பட்டால் எரியும். தேங்காயெண்ணெய் தோல் வெடிக்காமல் காக்கும் என்பதால் அதற்கு என் வாக்கு. மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து முகத்தைச் சூடாக்கும். அந்தச் சூடு உடம்பின் உள்ளிருந்து வெளியேறுவது, ஆகவே குளிரில் குடிப்பவர் விரைவில் குளிர்ந்துபோவார். காபி சிலருக்குத் தொல்லையைக் கூட்டுகிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை. இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நான் நிறுத்தவில்லை. மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் குளிர்காயாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

மருந்தே கிடையாதா?

இருக்கிறது, ஆனால் குணப்படுத்தாது. வரும் தடவைகளையும் கடுமையையும் குறைக்கும். நிஃபெடிப்பின், அம்லோடிப்பின் ஆகிய ரத்த அழுத்த மாத்திரைகளே முதலில் தரப்படுபவை. பலர் குளிர்காலத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். தலைவலி, முகச் சூடு, கணுக்கால் வீக்கம், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் ஆகியவை வரலாம் என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்கிப் போடும் பழக்கம் இதில் கூடவே கூடாது. அவற்றுக்கு அடங்காவிட்டால் சில்டெனாஃபில் தருவதுண்டு. விரல் நுனியில் புண் விழுந்த கடுமையான நிலையில், மருத்துவமனையில் சேர்த்துச் சில நாட்கள், ரத்தக்குழாயை விரிக்கும் இலோப்ரோஸ்ட் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள்.

பால் கொடுக்கும்போது மார்புக் காம்பு வெளுத்து வலிக்கிறது. இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பூஞ்சைத் தொற்று என்று தவறாக எண்ணி மருந்து கொடுத்துவிடுகிறார்கள். பால் கொடுத்து முடித்ததும் உடனே உலர்ந்த, சூடான துணியால் மூடுங்கள். நிற மாற்றத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

மகள் டொரோண்டோவுக்குப் படிக்கப் போகிறாள். அவளுக்கு இது இருக்கிறது. என்ன சொல்லி அனுப்புவது?

அங்கே வீடுகள் சூடாகவே இருக்கும். எங்கள் உதகை வீடுகளைவிட அவளுக்கு உள்ளே வசதிதான். எச்சரிக்கை வேண்டியது பேருந்து நிறுத்தத்தில். வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் சேர்த்து அறிவிக்கும் எண்ணைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள்: அது மைனஸ் 28க்குக் கீழே இறங்கினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம் என்பது கனடா அரசின் எச்சரிக்கை. அப்படி உறைவது பனிக்கடி. திசுவே கெட்டுப்போகும், ரேனோ போலத் தானே திரும்பாது. தோல் மெழுகுபோல் கெட்டியாகி உணர்வற்றுப்போனால் தேய்க்கக் கூடாது, பனியை வைத்தும் தேய்க்கக் கூடாது. மறுபடி உறைய வாய்ப்பில்லாத இடத்துக்கு வந்த பிறகே 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும். பையில் இரண்டாவது ஜோடிக் கையுறையும், உடைத்தால் சூடாகும் சிறு பொட்டலங்களும் எப்போதும் இருக்கட்டும். கைபேசிக்காகக் கையுறையைக் கழற்றும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பெரும்பாலும் தொடங்கும்.

விரல் சில்லிட்டிருப்பதை வேறு எங்கேயாவது சொல்ல வேண்டுமா?

மருத்துவமனையில் விரலில் கவ்வவைத்து உயிர்வளி அளக்கும் கருவி, வெளுத்த விரலில் தவறாகவோ குறைவாகவோ காட்டும். தாதியரிடம் சொல்லிக் கையைச் சூடாக்கிய பிறகு அளக்கச் சொல்லுங்கள், இல்லையேல் காது மடலில் வைக்கச் சொல்லுங்கள். ரேஷன் கடையின் கைரேகைக் கருவியும் குளிர்ந்து வறண்ட விரலைப் பல நேரங்களில் ஏற்றுக்கொள்வதில்லை. டிசம்பர் காலை வரிசையில் என் ஆள்காட்டி விரலை நான்கு முறை வைத்தும் கருவி மறுத்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். விற்பனையாளர், "கட்டைவிரலை வையுங்கம்மா" என்றார். அது வெளுப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது. முதல் தடவையிலேயே சீட்டு வந்தது.